இரும்பு ஒன்றுதான்... இடம்தான் வேறு!



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், துணுக்கு இருக்கும், பிரிவைப் பற்றிய கண்ணீர்க் கட்டுரை இருக்கும். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு ரசாயன சமாசாரம். "ஐயோ, மலரிலேயும் கெமிஸ்ட்ரியா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பரீட்சைக்கு வராது. ஆனால் எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே இதனால்தான்.

விஷயம் இதுதான். நம் உடம்பிலும், செடி கொடியிலும், கண்ணுக்குத் தெரியாத கிருமியிலும் என்சைம்கள் வேலை செய்கின்றன. அவற்றில் பல தங்களுக்குள் ஓர் உலோக அணுவை வைத்திருக்கின்றன. ஒன்றில் இரும்பு, இன்னொன்றில் துத்தநாகம், வேறொன்றில் மாங்கனீசு. அந்த அணுதான் வேலையின் மையம். இதைப் பார்த்த விஞ்ஞானிகள், "இதுபோல நாமே ஒன்று செய்தால் என்ன?" என்று கேட்டார்கள். அந்த முயற்சியின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கூடவே எங்கள் வீட்டுக் கதையும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்!

என் அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மெஷின் ஓட்டுகிறார். படிப்பு ஐந்தாவது. நிட்டிங்கிலிருந்து வரும் பனியன் துணி வெள்ளையாக இருக்காது என்பது நமக்குத் தெரியும். காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடு வைத்து வெளுக்கிறோம். வெளுத்த பிறகும் துணியில் கொஞ்சம் பெராக்சைடு மிச்சம் நிற்கும். அதோடு ரியாக்டிவ் சாயத்தை ஊற்றினால் போச்சு! சாயத்தையே அது கெடுத்துவிடும். ஷேடு வெளிறும், திட்டுத் திட்டாகப் பிடிக்கும். முன்பெல்லாம் இதற்காகவே சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுவார்களாம். தண்ணீரும் விறகும் நேரமும் அதிலேயே போய்விடும். பிறகு 'பெராக்சைடு கில்லர்' என்று ஒரு மருந்து வந்தது. கொஞ்சம் ஊற்றி ஓட்டினால் சிறிது நேரத்தில் மிச்சப் பெராக்சைடு முழுவதும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைந்துவிடும்.

முதல் வருஷ லீவில் அப்பாவோடு பட்டறைக்குப் போயிருந்தேன். அப்பா சொன்னார்: "சூடு தணியட்டும் கண்ணு. கொதிக்கிறதுல ஊத்துனா மருந்து செத்துப்போயிரும். காரத்தையும் எறக்கோணும்." அந்த வருஷம் வகுப்பில் நாங்கள் படித்தது, 'புரதங்கள் அதிக வெப்பத்திலும் அதிகக் காரத்திலும் உருக்குலைந்து செயலிழக்கும்.' இரண்டும் ஒன்றுதானே நண்பர்களே? அப்பா 'செத்துப்போயிரும்' என்கிறார். புத்தகம் 'செயலிழக்கும்' என்கிறது. எனக்கென்னவோ அப்பா சொன்னதுதான் மனதில் நின்றது.

அந்த மருந்தின் உண்மைப் பெயர் கேட்டலேஸ். அது ஓர் என்சைம். ஹைட்ரஜன் பெராக்சைடை 1818-ல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு தெனார். அதை உடைக்கும் என்சைமுக்கு 1900-ல் கேட்டலேஸ் என்று பெயர் வைத்தவர் ஆஸ்கர் லோ. 1937-ல் மாட்டு ஈரலிலிருந்து அதைப் பளிங்காக எடுத்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் சம்னரும் டௌன்ஸும்.

இந்த ஜேம்ஸ் சம்னரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பதினேழு வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பட்டு இடது கையை இழந்தவர். அவரோ இடக்கைப் பழக்கம் உள்ளவர்! ஒற்றைக் கையோடு ரசாயனம் சரிப்பட்டு வராது என்று அவருக்குப் புத்தி சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் கேட்கவில்லை. யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்ற என்சைமை 1926-ல் பளிங்காக எடுத்து, என்சைம் என்பது புரதமே என்று காட்டினார். அதற்கு ஒன்பது வருஷம் ஆனது. அப்போதும் பெரிய பெரிய விஞ்ஞானிகள் நம்பவில்லை. கடைசியில் 1946-ல் நோபல் பரிசு வந்தது. அரியர் விழுந்ததும் சோர்ந்துபோகும் நம் நண்பர்கள் இவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். அவர் காலத்தில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் பிறகு 1975-ல் தெரிந்தது. அந்த யூரியேஸுக்குள்ளும் ஓர் உலோகம் இருக்கிறது, நிக்கல்!

சரி, கேட்டலேஸுக்கு வருவோம். அதற்குள் இருப்பது இரும்பு. நான்கு நைட்ரஜன் அணுக்கள் நான்கு பக்கமும் பிடித்திருக்க, ஒரு வளையத்தின் நடுவே ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. இந்த வளையத்துக்கு ஹீம் என்று பெயர். நம் ரத்தம் சிவப்பாக இருப்பதும் இதே ஹீமால்தான். ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு வினாடியில் லட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும். வெறும் இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாலும் பெராக்சைடு உடையும்தான். ஆனால் ஆமை வேகம். அதுவும் ஒழுங்காக உடையாது.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா சோற்றை வடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாவதில் அவள் வாங்கியது 451. நான் வாங்கியது 398. அந்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, கடன் ஏறியது. அக்கா பனியன் கம்பெனிக்குப் போனாள். மூன்று வருஷம் கழித்து நான் பத்தாவது முடித்தபோது அவள் சம்பளத்தில் என் ஃபீஸ் கட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்கும் முதல் ஆள் நான். ஊரில் இதைச் சொல்லி என் முதுகில் தட்டுகிறார்கள். அக்காவின் முதுகில் யாரும் தட்டவில்லை.

அக்காவுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. விளக்கு வெளிச்சத்தில் துணியைப் போட்டு ஓட்டை, கறை, ஊசிக்கோடு எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அன்றைக்கு அவள் கேட்டாள்:

"ஏன்டா, எங்களுக்கு வர்ற துணியில சில நேரம் குண்டூசி குத்துன மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். ஓட்டையச் சுத்தி லேசா மஞ்சக் கறை. துருப்பட்ட எடத்துல பிளீச்சிங் பண்ணா அப்படி ஆகும்னு சூப்பர்வைசர் சொல்றாரு. துருன்னா இரும்புதானே? அந்த மருந்துக்குள்ளயும் இரும்புதாங்கிறே. ஒரு இரும்பு துணியை ஓட்டை போடுது, இன்னொரு இரும்பு துணியைக் காப்பாத்துது. அதெப்படிடா?"

நான் வாயடைத்துப் போனேன். திங்கட்கிழமை எங்கள் சாரிடம் இதே கேள்வியைக் கேட்டேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இது யாருப்பா கேட்டது?" என்றார். அக்கா என்றேன். "எந்தக் காலேஜ்?" என்றார். நான் என்ன சொல்வேன்!

அவர் அன்று சொன்னதையும், பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். துருவில் உள்ள இரும்பு கட்டுப்பாடு இல்லாத இரும்பு. அது பெராக்சைடைத் தொட்டதும் ஹைட்ராக்சில் என்ற வெறி பிடித்த துணுக்குகள் பிறக்கின்றன. இந்த வினையை 1894-லேயே ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்தார். அந்தத் துணுக்கு எதிரே எது இருந்தாலும் கடிக்கும். பருத்தி நாராக இருந்தால் நாரைக் கடிக்கும். விழுகிறது ஓட்டை! பிளீச்சிங் தொட்டியில் ஸ்டெபிலைசர் போடச் சொல்வதும், இரும்பைப் பிடித்துக்கொள்ளும் மருந்து போடச் சொல்வதும் இதற்காகத்தான்.

கேட்டலேஸில் என்ன நடக்கிறது? இரும்பு ஆழத்தில் இருக்கிறது. அதற்குப் போக ஒரு குறுகிய பாதை. பெராக்சைடு போன்ற பொடி மூலக்கூறுதான் அதில் நுழைய முடியும். துணி நார் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. உள்ளே வந்த முதல் பெராக்சைடு தன் ஆக்சிஜன் ஒன்றை இரும்பிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீராக வெளியேறும். இரண்டாவதாக வருவது அந்த ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள, ஆக்சிஜன் வாயுவும் தண்ணீரும் வெளியே போகும். இரும்பு மறுபடி பழையபடி. இதற்காக இரும்பைக் கீழிருந்து ஒரு கை பிடித்திருக்கிறது. மேலே இரண்டு கைகள் வருகிறவரை வழிநடத்துகின்றன. கை என்பது புரதத்தின் அமினோ அமிலங்கள்.

ஆக, இரும்பு ஒன்றுதான். இருக்கும் இடம்தான் வேறு. பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இரும்புக்கும் பொருந்தும் போலிருக்கிறது!

இந்த உண்மை புரிந்தால்தான் மனிதன் செய்த முயற்சிகளின் அருமை தெரியும். சில உதாரணங்கள் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ஒரு பெரிய கம்பெனியின் கதை. சில கிருமிகள் இரும்பில்லாமல் இரண்டு மாங்கனீசு அணுக்களைக் கொண்டே கேட்டலேஸ் வேலையைச் செய்கின்றன. இலைகளில் தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் பிரிப்பதும் மாங்கனீசுதான். இவற்றுக்கு மாதிரியாக ஜெர்மனியில் வீகார்ட் என்பவரின் குழு, இரண்டு மாங்கனீசு அணுக்களை இரண்டு நைட்ரஜன் வளையங்கள் பிடித்திருக்கும் ஒரு சேர்மத்தைச் செய்தது. யூனிலீவர் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். பெராக்சைடோடு சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே கறை பறந்தது. 1994-ல் 'பெர்சில் பவர்' என்ற பெயரில் பிரிட்டனில் சலவைத்தூள் வந்தது. கொஞ்ச நாளிலேயே துணி நைந்துபோகிறது, சாயம் போகிறது என்று ஒரே புகார். போட்டிக் கம்பெனி, நைந்துபோன துணிகளின் படத்தையே வெளியிட்டது. 1995 தொடக்கத்தில் அந்தத் தூளைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று? உலோகத்தையும் வளையத்தையும் இயற்கையிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். ஆனால் சுற்றிலும் இருக்கும் அந்தக் குறுகிய பாதை இல்லை. கறையையும் துணியையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியவில்லை. என் அக்கா பார்த்த ஓட்டை மாதிரிதான் இதுவும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே மாங்கனீசுச் சேர்மம் பிற்பாடு பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் மாத்திரைக்குப் போனது. பீங்கான் தட்டில் கடிப்பதற்குப் பருத்தி நார் இல்லையே! தேநீர்க் கறையைச் சுத்தமாக எடுத்தது. ஒரு வேலைக்கு ஆகாது என்று தள்ளியது, இடம் மாறியதும் கெட்டிக்காரன் ஆகிவிட்டது.

இரண்டாவது உதாரணம் நம் சாயத் தண்ணீருக்கு நெருக்கமானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டதை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நொய்யலில் விட்ட கழிவுநீர்தான் காரணம். அந்த மாதங்களில் அப்பா கட்டட வேலைக்குப் போனதாக அம்மா சொல்வாள். சாயத் தண்ணீரின் நிறத்தை உடைப்பது அவ்வளவு கஷ்டம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெரன்ஸ் காலின்ஸ், பெராக்சிடேஸ் என்ற இரும்பு என்சைமைப் பார்த்து ஒரு சின்ன வளையம் செய்தார். டாம்ல் என்று பெயர். நான்கு நைட்ரஜன், நடுவில் ஓர் இரும்பு. பெராக்சைடோடு சேர்ந்து சாயத்தை உடைக்கிறது. அவர் வேலை செய்த விதம்தான் எனக்குப் பிடித்தது. முதலில் செய்த வளையம் வேலையின் நடுவே தானே உடைந்துபோகும். எந்த இடத்தில் உடைந்தது என்று கண்டுபிடிப்பார். அந்த இடத்தை மட்டும் பலமாக்கி மறுபடி செய்வார். மறுபடி உடையும். மறுபடி கண்டுபிடிப்பார். இப்படியே வருஷக்கணக்கில்! 1999-ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது அவருக்குக் கிடைத்தது.

மூன்றாவது வழி இன்னும் துணிச்சலானது. "நாம் எதற்குப் புதுவீடு கட்ட வேண்டும்? இயற்கை கட்டிய வீட்டில் நம் உலோகத்தைக் குடிவைப்போம்" என்பது. 1978-ல் வில்சன், வைட்சைட்ஸ் என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள். கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. அது பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்தால் லேசில் விடாது, உடும்புப்பிடி. பயோட்டினின் வாலில் ரோடியம் என்ற உலோகத்தைக் கட்டி உள்ளே அனுப்பினார்கள். வலக்கை இடக்கை போல இரண்டு வடிவில் வரக்கூடிய ஒரு பொருளை அந்த ரோடியம் வெளியில் இருக்கும்போது சரிபாதியாகச் செய்துகொண்டிருந்தது. முட்டைப் புரதத்துக்குள் போனதும் ஒரு கையை அதிகமாகச் செய்ய ஆரம்பித்தது! ரோடியம் மாறவில்லை. வீடு மாறியது, பழக்கம் மாறியது. மருந்து செய்கிறவர்களுக்கு இந்தக் கை வித்தியாசம் உயிர் போகிற விஷயம்.

கடைசியாக பிரான்சிஸ் அர்னால்ட். இந்த அம்மையார் முதலில் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நம் மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். என்சைமைத் திட்டம் போட்டு வரைவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, நன்றாக வேலை செய்வதைப் பொறுக்கி, அதை மறுபடி மாற்றிக்கொண்டே போகலாம் என்றார். நல்ல விதை பார்த்து எடுத்துவைக்கும் விவசாயி செய்வதுதானே அது! 2016-ல் அவர் குழு, ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றுக் கிருமி ஒன்றின் புரதத்தை எடுத்தது. அதிலும் ஹீம், அதிலும் இரும்பு. இயற்கையில் அதன் வேலை எலக்ட்ரானைச் சுமந்து கொடுப்பது மட்டும். மூன்றே மூன்று அமினோ அமிலங்களை மாற்றினார்கள். அது கார்பனையும் சிலிக்கனையும் இணைக்க ஆரம்பித்தது. மனிதன் அதுவரை இதற்குச் செய்திருந்த நல்ல வினையூக்கிகளைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் திறமையாக! எந்த உயிரும் தானாகச் செய்து அறியாத பிணைப்பு அது. நாம் துணிக்கு மென்மை கொடுக்கப் போடும் சிலிக்கன் சாஃப்ட்னரில் இருப்பதும் கார்பன்-சிலிக்கன் பிணைப்புதான். 2018-ல் அர்னால்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சுமை தூக்கிக்கொண்டிருந்த ஒரு புரதம்! சுற்றிலும் மூன்று இடம் மாறியதும், யாரும் செய்யாததைச் செய்தது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை நண்பர்களே.

நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. "உனக்கு மண்டை இருக்கு, அதான் படிக்கிறே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்டது அக்கா. சார் சாக்பீஸைக் கீழே வைத்தது அக்காவின் கேள்விக்கு. எங்கள் இருவருக்கும் உள்ளே இருப்பது ஒரே இரும்பு. என்னைச் சுற்றி நாலு பக்கமும் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தார்கள். அப்பா, அம்மா, சார், எல்லாருக்கும் மேலாக அக்கா. அவளைச் சுற்றிக் கடன் மட்டும் நின்றது.

இதை நான் வருத்தத்துக்காக எழுதவில்லை. இடத்தை மாற்றலாம் என்பதைத்தான் மேலே சொன்ன அத்தனை பேரும் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒரே நாளில் அல்ல. எங்கே உடைகிறது என்று பார்த்துப் பார்த்து. எங்கள் வீட்டிலும் ஆரம்பித்துவிட்டோம். அக்கா ப்ளஸ் டூ தனித்தேர்வுக்குப் படிக்கிறாள். ராத்திரி ஷிப்ட் ஓவர்டைம் வேண்டாம் என்று அப்பாவே கம்பெனியில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பாத்திரம் கழுவுவது என் வேலை. கெமிஸ்ட்ரி நான் சொல்லித் தருகிறேன் என்றுதான் பேச்சு. ஆனால் பாதி நாள் அவள் கேட்கும் கேள்விக்கு நான்தான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்!

நண்பர்களே, உங்கள் வீட்டிலும், உங்கள் தெருவிலும் இப்படி ஓர் இரும்பு எங்கேயாவது சும்மா துருப்பிடித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் தேடிப் பாருங்கள். டிப்ளமோ முடித்து நாளைக்கு நாம் பட்டறைக்கோ, லேபுக்கோ, கம்பெனிக்கோ போவோம். அங்கே பக்கத்தில் நிற்கும் ஹெல்பர் ஏதாவது கேட்டால், "உனக்கெதுக்கு இது?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

 

— மூன்றாமாண்டு மாணவன், டெக்ஸ்டைல் பிராசசிங் பிரிவு